சிறுவர்க்குக் கிரேக்க சரித்திரம்: சேலம் முதல் கரூர் வரை

சரித்திரமும் பூகோளமும் இரட்டைப் பிள்ளைகள் போல்வன. ஒன்று காலத்தைக் கூறும். மற்றொன்று இடத்தைக் கூறும். இவ்விரண்டையும் பிரித்துக் கற்பிக்குமிடத்து இரண்டும் மெலிவுறும். நம் பள்ளிச் சிறுவரைக் கிரேக்க நாட்டைப் பற்றி வினவினால், ஏதென்ஸ், ஸ்பார்ட்டா, மாரத்தான், அலெக்சாந்தர் என நான்கு பெயர்களைத் தடையின்றி ஒப்புவிப்பர். ‘ஏதென்ஸ் நகரம் ஏன் ஒரு பாறையைச் சூழ்ந்து எழுந்தது? ஒரு மொழி பேசிய மக்கள் ஏன் ஒரே அரசின் கீழ் வாழவில்லை?’ என்று மேலும் வினவினால் வாய் திறவார். இது சிறுவர் குற்றமன்று. பாறையும் மலையும் தொலைவும் இன்னவை என்று கால்களால் அறியாதார்க்கு, அவற்றாலாகிய சரித்திரம் எங்ஙனம் விளங்கும்?

இக்கல்லூரியில் நம்முடன் பயில்வோருள் பலர் இன்னும் சில ஆண்டுகளில் ஆசிரியராவர். சேலத்திலும் இராசிபுரத்திலும் திருச்செங்கோட்டிலும் நாமக்கல்லிலும் அவர்கள் முன் அமரப்போகும் சிறுவர் யாவர்? தறி நெய்வோர் மக்கள். லாரி ஓட்டுவோர் மக்கள். கிழங்கும் கரும்பும் பயிரிடுவோர் மக்கள். இவர்களுள் ஒருவரேனும் கிரேக்க நாட்டைக் கண்ணாற் காண்பரோ என்பது ஐயமே. இத்தகைய சிறுவர் உள்ளத்தில், ‘சரித்திரம் என்பது வேறெங்கோ, வேறு யாருக்கோ நிகழ்ந்தது, நம் ஊருக்கு அதில் இடமில்லை’ என்னும் எண்ணம் வேரூன்றிவிடுகிறது. மதிப்பெண் குறைவதினும் இவ்வெண்ணம் பெருங்கேடு. இதனைக் களைதற்கு ஒரு வழி உண்டு. சேலத்திலிருந்து நாமக்கல் வழியாகக் கரூருக்குச் செல்லும் ஒரு நாட் பிரயாணமே அவ்வழி என்பதை இங்கே விளக்கப் புகுகின்றோம்.

பிரயாணத்தால் சரித்திரம் கற்கும் முறை புதியதன்று; கிரேக்கரே அதற்கு வழிகாட்டினர். கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் வாழ்ந்த ஹெரோடோட்டஸ் எகிப்து முதலிய நாடுகளுக்குச் சென்று, கண்டவற்றையும் கேட்டவற்றையும் தொகுத்துத் தம் நூலை இயற்றினார். அவர் தம் நூலுக்கு வழங்கிய ‘ஹிஸ்டோரியா’ என்னும் சொல்லுக்கு ‘வினவி ஆராய்தல்’ என்பதே பொருள். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பௌசானியஸ் என்பார் கிரேக்க நாட்டினுள்ளேயே ஊர் ஊராகச் சென்று, கோயில்களையும் சிலைகளையும் கல்லறைகளையும் பத்துப் புத்தகங்களில் விவரித்தார்.

நம் பக்கத்திலும் இதற்கொரு சான்றுண்டு. கொல்லிமலையில் 1913ஆம் ஆண்டு முதல் ஊழியம் செய்த ஜெஸ்ஸி பிராண்டு என்னும் மிஷனெரியின் மகன் பால் பிராண்டு, 1914ஆம் ஆண்டில் பிறந்து ஒன்பது வயது வரை அம்மலையிலேயே வளர்ந்தார். அவருக்குப் பாடம் சொன்னவர்கள் பெற்றோரே. தந்தையார் மலைவழிகளில் நடக்கும்போது கறையான் புற்றையும் மரத்தையும் பறவையையும் காட்டி, நின்று நோக்கக் கற்பித்தார். அச்சிறுவரே பிற்காலத்தில் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளரின் கைகளை ஆராய்ந்து அவற்றைச் செயற்படச் செய்த புகழ்பெற்ற மருத்துவரானார். நின்று நோக்கும் பழக்கம் இளமையிற் படிந்தால் அது எத்துறையிலும் துணை நிற்கும்.

இனிப் பாடத்திற்கு வருவோம். புறப்படுமுன் பள்ளி முற்றத்திலேயே தொடங்கத்தக்க பாடம் ஒன்றுண்டு. கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியா நகரில் இருந்த எரட்டோஸ்தெனீஸ் என்னும் கிரேக்க அறிஞர், ஒரு கோலின் நிழலைக் கொண்டு உலகத்தின் சுற்றளவைக் கணித்தார். கோடையின் நீண்ட பகலில், நண்பகற் போதில், தெற்கேயுள்ள சையீன் என்னும் ஊரில் கதிரவன் நேர் உச்சியில் நிற்பான், நிழல் விழாது. அதே வேளையில் அலெக்சாந்திரியாவில் நிழல் விழும். அந்நிழலின் கோணம் முழு வட்டத்தில் ஐம்பதில் ஒரு பங்கு என்று அவர் கண்டார். எனவே இரண்டு ஊர்க்கும் இடைத்தொலைவை ஐம்பதாற் பெருக்கினால் உலகின் சுற்றளவாம்.

சையீனுக்கு வந்த உச்சிவெயில் சேலத்திற்கும் வருகின்றது. அதுவும் ஆண்டில் இருமுறை வருகின்றது. சித்திரைத் தொடக்கத்தில், அஃதாவது ஏப்ரல் 20ஆம் நாளை ஒட்டியும், ஆவணித் தொடக்கத்தில், ஆகஸ்டு 22ஆம் நாளை ஒட்டியும் கதிரவன் சேலத்தின் நேர் உச்சியில் நிற்பான். அன்று முற்றத்தில் ஒரு கோலைச் செங்குத்தாக நாட்டிச் சிறுவரைச் சூழ நிறுத்துக. நம் கடிகாரம் 82½ பாகை நெடுங்கோட்டுக்கு அமைந்தது; சேலமோ அதற்கு மேற்கே உள்ளது. ஆதலால் கடிகாரம் பன்னிரண்டேகாலைக் கடக்கும்போதே இங்கு உண்மை நண்பகல். அப்போது கோலின் நிழல் அதன் அடியிலேயே ஒடுங்கிவிடும். சிறுவர் முகத்தில் தோன்றும் வியப்பை ஆசிரியர் பிறகு தாமே காண்பர்.

கன்னியாகுமரி சேலத்திற்கு ஏறத்தாழ நேர் தெற்கே உள்ளது. தெற்கு வடக்காக இடைத்தொலைவு ஏறத்தாழ 400 கிலோமீட்டர். அவ்வூர்ப் பள்ளி ஒன்றுக்கு முன்னரே கடிதம் எழுதி, அதே நாளில் நண்பகலில் ஒரு மீட்டர் கோலின் நிழலை அளந்து எழுதுமாறு வேண்டுக. அங்கே நிழல் தெற்கு நோக்கி ஆறு சென்டிமீட்டர் அளவில் விழும். அக்கோணம் மூன்றரைப் பாகைக்குச் சற்று மேற்பட்டது. வட்டத்தில் ஏறத்தாழ நூறில் ஒரு பங்கு. நானூற்றை நூறாற் பெருக்குக. நாற்பதினாயிரம் கிலோமீட்டர்! உலகின் சுற்றளவு அதுவே. ஈராயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஒரு கிரேக்கர் நினைத்ததை ஒரு மூங்கிற்கோலைக் கொண்டு சேலத்துச் சிறுவன் மீண்டும் நினைத்துவிட்டான். இனி அப்பெயர் அவனுக்கு அயற்பெயராகாது.

இதன்பின் பிரயாணம். பாறை சுடாத மார்கழி, தை மாதங்கள் இதற்கு ஏற்றவை. வண்டி சேலத்தை விட்டுப் புறப்படுங்கால் முதலிற் சிறுவர் நோக்கத்தக்கவை மலைகள். வடக்கே சேர்வராயன் மலை, மேற்கே கஞ்சமலை, தென்கிழக்கே சருகுமலை, இராசிபுரத்தை நெருங்குங்கால் கிழக்கே போதமலை, அதற்கப்பால் நெடுஞ்சுவர் போன்ற கொல்லிமலை. மலைகளுக்கு இடையிடையே சமவெளிகள் தனித்தனிப் பாத்திகளாகக் கிடக்கின்றன. கிரேக்க நாட்டின் உருவமும் இத்தகையதே. மலைகள் அந்நாட்டைச் சிறு சிறு வெளிகளாகப் பிரித்தன. ஒவ்வொரு வெளியிலும் ஒரு நகரமும் அதனைச் சார்ந்த அரசும் தோன்றின. ஏதென்ஸ், தீப்ஸ், கொரிந்து, ஸ்பார்ட்டா யாவும் இங்ஙனம் பிறந்தவையே.

நம் நாட்டிலும் அங்ஙனமே. தகடூர் என்னும் இன்றைய தருமபுரியில் அதியமான் ஆண்டான். கொல்லிமலையில் ஓரி ஆண்டான். திருக்கோவலூர்ப் பக்கத்தில் மலையமான் காரி ஆண்டான். காரி ஓரியைக் கொன்று கொல்லியைச் சேரனுக்கு அளித்தான். பின்னர்ச் சேரன் தகடூரையும் எறிந்தான். அதியமானுக்காக ஒளவையார் தொண்டைமானிடம் தூது சென்றார். போரும் தூதும் புகழும் பகையும் நிறைந்த இச்செய்திகளைக் கூறியபின், ஏதென்ஸ், ஸ்பார்ட்டா நகரங்களின் பகையைக் கூறினால், சிறுவர் உடனே உணர்வர். அரசு பலவாயினும் மொழி ஒன்று என்பதும் இரு நாட்டுக்கும் பொது. கிரேக்கர் நான்கு ஆண்டுக்கு ஒருமுறை ஒலிம்பியாவில் விளையாட்டுக்காகக் கூடினர். புலவரும் பாணரும் அரண்மனைதோறும் சென்று நம் அரசர்களை ஒரே தமிழால் இணைத்தனர்.

தொலைவையும் வழியிலேயே கற்பிக்கலாம். ஏதென்ஸுக்கும் தீப்ஸுக்கும் இடைவழி, சேலத்திற்கும் தருமபுரிக்கும் உள்ள வழியை ஏறத்தாழ ஒக்கும். மாரத்தான் வெளியிலிருந்து ஏதென்ஸ் ஏறத்தாழ 40 கிலோமீட்டர். நாமக்கல்லிலிருந்து கரூரும் ஏறத்தாழ அத்துணையே. கி.மு. 490ஆம் ஆண்டில் பாரசீகர் மாரத்தானில் இறங்கியபோது, துணை வேண்டி ஏதென்ஸிலிருந்து ஸ்பார்ட்டாவுக்கு ஓர் ஓட்டத்தூதன் அனுப்பப்பட்டான் என்றும், அவன் மறுநாளே அங்கு சேர்ந்தான் என்றும் ஹெரோடோட்டஸ் கூறுகிறார். அவ்வழி ஏறத்தாழ 240 கிலோமீட்டர். சேலத்திலிருந்து மதுரை வரை ஓடுவதற்கு ஒப்பாகும்! வெற்றிச் செய்தியை ஏதென்ஸுக்கு ஓடிச் சொல்லி உயிர்விட்டவன் கதையோ பிற்காலத்தார் நூல்களிலேயே காணப்படுகின்றது. எது முன்னோர் சொல், எது பின்னோர் சேர்த்தது என்று பிரித்துணர்தல் சரித்திரப் பயிற்சியின் முதற்படி. அதனையும் இக்கதையாலேயே தொடங்கலாம்.

மாரத்தானில் இறந்த ஏதென்ஸ் வீரர் 192 பேர் என்பர். அவர்களைப் புதைத்த மேடு இன்றும் அங்கு நிற்கின்றது. ஊருக்காக இறந்தவனுக்குக் கல் நாட்டும் வழக்கம் நம் தகடூர் நாட்டில் மிகுதி. ஆநிரை மீட்டு இறந்தாரின் நடுகற்கள் தருமபுரிப் பக்கத்தில் பல கிடைத்துள்ளன. கல்லையும் மேட்டையும் ஒருங்கு நினைக்கும் சிறுவன், வீரரை மறவாமை எல்லா மக்கட்கும் பொது என்பதை அறிவான்.

அடுத்து நாமக்கல். ஊரின் நடுவே ஒரே கல்லாக எழுந்து நிற்கும் அப்பாறை ஏறத்தாழ 65 மீட்டர் உயரமுடையது, உச்சியிற் கோட்டை, இரு பக்கத்திலும் குடைவரைக் கோயில்கள், அடியிற் கமலாலயம் என்னும் குளம், சூழவும் கடைவீதிகள். சிறுவரைப் படிகளில் ஏற்றி உச்சியில் நிறுத்தி, ‘இங்கே பகைவர் வந்தால் முதலில் யார் காண்பார்? தண்ணீர் எங்கிருந்து வரும்? ஊரார் எங்கே ஒதுங்குவர்?’ என்று வினவுக. விடைகளைச் சிறுவரே கூறுவர். கூறி முடித்தபின், ‘நீங்கள் அக்ரோபொலிஸ் என்பதை விளக்கிவிட்டீர்கள்’ என்று சொல்லுக. அக்ரோபொலிஸ் என்றால் உயர்நகர் என்பது பொருள். ஏதென்ஸின் அப்பாறையும் நகரத் தரையினின்று ஏறத்தாழ 70 மீட்டரே உயர்ந்தது. அங்கும் அரண் முந்தியது, கோயிலும் அங்கேயே, நகரம் அடிவாரத்தில் விரிந்தது. உச்சியிலுள்ள பார்த்தெனான் கோயிலைக் கி.மு. 447ஆம் ஆண்டில் கட்டத் தொடங்கினர். நாமக்கல் குடைவரைகளோ கி.பி. எட்டாம் நூற்றாண்டின, அவற்றை அமைத்தவன் அதியமான் மரபினனாகிய குணசீலன். முன்னே வழியிற் கேட்ட அதியமான் பெயர் இங்கே கல்லின்மேல் மீண்டும் எதிர்ப்படுவதைச் சிறுவர் கவனிப்பர்.

கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு இங்கு ஒரு செய்தி கூறலாம். பிலிப்பி, தெசலோனிக்கே, கொரிந்து என்னும் பெயர்களை அவர்கள் நிருபங்களின் தலைப்புகளாக மட்டுமே அறிவர். அவை கிரேக்கர் வாழ்ந்த ஊர்கள் என்பதை எண்ணுவதில்லை. வேதாகமம் அத்தேனே என்பது ஏதென்ஸே. பவுல் நின்று பேசிய மார்ஸ் மேடை, அக்ரோபொலிஸுக்கு அருகே உள்ள மற்றொரு சிறு பாறை. நாமக்கல் பாறைமேல் நின்று இதனைக் கேட்கும் பிள்ளைக்கு, ஆலயத்திற் கேட்ட பெயர்க்கும் பள்ளியிற் கேட்ட பெயர்க்கும் இடையே நின்ற சுவர் இடிந்துவிடும்.

நாமக்கல் லாரிகளுக்குப் பேர்பெற்ற ஊர். இதனையும் பாடமாக்கலாம். கி.பி. முதல் நூற்றாண்டில் எகிப்திலிருந்து வந்த கிரேக்க மொழி வணிகர் ஒருவர், ‘எரித்ரேயக் கடற் பெரிப்ளூஸ்’ என்னும் கையேட்டை எழுதினார். எந்தத் துறைமுகத்திற்கு எக்காற்றில் செல்வது, அங்கே எதை இறக்குவது, எதை ஏற்றுவது என்பனவே அதன் உள்ளீடு. முசிறியும் கொற்கையும் அதில் உள்ளன. இது லாரி ஓட்டுநர் ஒருவர் தம் வழியைப் பற்றிக் கூறுவதினின்று எவ்வகையில் வேறு? தந்தையோ மாமனோ லாரி ஓட்டும் சிறுவனிடம், ‘அவர் செல்லும் வழியிலுள்ள ஊர்கள் எவை? எங்கே முட்டை இறக்குவார்? திரும்புகையில் என்ன ஏற்றுவார்? எங்கே சாலை பொல்லாதது?’ என்று கேட்டு எழுதிவரச் செய்க. அவன் ஒரு பெரிப்ளூஸ் எழுதிவிடுவான். தன் தந்தையின் தொழிலும் சரித்திர நூலுக்குரிய பொருள் என்று அவன் அறியும் நாள், அவன் வாழ்வில் ஒரு பெரிய நாளாகும்.

பரமத்தி வேலூரில் காவிரியைக் கடந்தால் கரூர் நாடு. எதிர்க்கரையில் வேலாயுதம்பாளையத்தை அடுத்த ஆறுநாட்டார் மலையில் சமண முனிவர்க்குச் செய்வித்த கற்படுக்கைகள் உள்ளன. அங்கே பழைய தமிழ் எழுத்துகளில், சேர அரசர் மூன்று தலைமுறையினர் பெயர் கூறும் கல்வெட்டு இருக்கின்றது. புகலூர்க் கல்வெட்டு என்று அறிஞர் வழங்கும் இது கி.பி. இரண்டு, மூன்றாம் நூற்றாண்டைச் சார்ந்தது. அங்குள்ள மற்றொரு கல்வெட்டில் கருவூர்ப் பொன்வாணிகன் ஒருவன் குறிக்கப்படுகிறான். அப்பொன்வாணிகனை நினைவில் வைத்துக்கொண்டே கரூருக்குள் நுழைய வேண்டும்.

கரூரில் இதுவரை ஒப்புமையாக நின்ற பாடம் உண்மையாகவே கிரேக்கரைத் தொடுகின்றது. அமராவதி ஆற்று மணலில் உரோமப் பேரரசின் காசுகள் மிகுதியாகக் கிடைத்தன. அவற்றோடு ரோட்ஸ், கிரீட், திரேஸ் முதலிய கிரேக்கப் பகுதிகளின் காசுகளும் கிடைத்தன என்பதை நாணயவியல் அறிஞர் இரா. கிருஷ்ணமூர்த்தி ஆராய்ந்து 2000ஆம் ஆண்டில் நூலாக வெளியிட்டார். மத்தியதரைக் கடல் நாட்டு ஆம்போரா என்னும் மதுச்சாடிகளின் ஓடுகளும் கரூர் அகழாய்விற் கிடைத்துள்ளன. கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் தாலமி கிரேக்க மொழியில் எழுதிய பூகோள நூல், சேர அரசன் இருப்பிடமாகக் கரூரா என்னும் உள்நாட்டு நகரைக் குறிக்கின்றது. அது இக்கரூரே என்பர் பலர். முசிறியிலிருந்து அலெக்சாந்திரியாவுக்குச் சரக்கு ஏற்றிய ஹெர்மப்போலோன் என்னும் கப்பலைப் பற்றிய கிரேக்கக் கடன் ஒப்பந்தம் ஒன்று வியன்னா நகரில் உள்ளது. அது 1985ஆம் ஆண்டில் அச்சேறியது. முசிறிக்கும் கரூருக்கும் இடையே பாலக்காட்டுக் கணவாய் வழியாகப் பண்டங்கள் சென்றன. அவ்வழியில் நொய்யலாற்றங்கரைக் கொடுமணல், மணி செய்வோரும் இரும்பு உருக்குவோரும் வாழ்ந்த ஊராய் இருந்ததை 1985ஆம் ஆண்டு முதல் நடந்த அகழாய்வுகள் காட்டின.

இவ்வணிகரையே நம் முன்னோர் யவனர் என்றனர். அயோனியர் என்னும் கிரேக்கப் பிரிவின் பெயரே பல மொழிகளின் வாயில் மாறி இவ்வடிவுற்றது. யவனர் கொணர்ந்த மதுவைப் புறநானூறும், பொன்னொடு வந்து மிளகொடு மீளும் அவர் கலங்களை அகநானூறும், அவர் செய்த பாவை விளக்கை நெடுநல்வாடையும் கூறுகின்றன. ஓரை என்னும் நம் சொல்லும் கிரேக்கர் ‘ஹோரா’விலிருந்து வடமொழி வழியாக வந்ததே என்பர். நேரம் பார்க்கும் பாட்டியின் வாயிலும் ஒரு கிரேக்கச் சொல் இருக்கின்றது!

ஒப்புமை கூறும் ஆசிரியர் அது முடியுமிடத்தையும் கூறுதல் வேண்டும். இல்லையேல் பாடம் பொய்யாகும். கிரேக்கத்தில் கடல் மலைகளுக்கிடையே புகுந்து ஊர்தோறும் எட்டிப்பார்க்கின்றது. நம் சமவெளிக்குக் கடலில்லை, காவிரியே உண்டு. அங்கே மழை குளிர்காலத்தது. ஒலிவமும் திராட்சையும் விளையும். இங்கே ஐப்பசி மழையை நம்பி நெல்லும் சோளமும் விளையும். ஏதென்ஸின் மக்களாட்சியை வியக்குங்கால், அதில் பெண்டிர்க்கும் அடிமைகட்கும் பங்கில்லை என்பதை மறைத்தல் கூடாது. கரூரிற் கிடைத்த காசுகளுள் பெரும்பாலன உரோமருடையன என்பதையும், வந்த வணிகருட் பலர் உரோம ஆட்சிக்குட்பட்ட எகிப்தின் கிரேக்க மொழியினர் என்பதையும் தெளிவாகச் சொல்ல வேண்டும். நம் ஊரின் பெருமைக்காக மிகைபடக் கூறினால், சிறுவன் வளர்ந்து உண்மை அறியும் நாளில் ஆசிரியரின் மற்றச் சொற்களையும் ஐயுறுவான்.

இதற்காகும் செலவு பெரிதன்று. பஸ்ஸிற் சென்று, மாலையில் கரூரிலிருந்து நாமக்கல் வழியாகச் சேலம் வரும் ரயிலில் மீளலாம். 2013ஆம் ஆண்டில் திறந்த அப்பாதை மோகனூரை ஒட்டிக் காவிரியை மீண்டும் ஒருமுறை காட்டும். ஒவ்வொரு சிறுவனும் மூன்று பொருள்களைக் கொண்டுசெல்க: ஒரு குறிப்பேடு, ஒரு பென்சில், ஒரு நூற்கயிறு. கயிறு அளப்பதற்கு. மறுநாள் வகுப்பில் உலகப்படத்தைத் தொங்கவிட்டு, கரூரிலிருந்து முசிறிக்கும், முசிறியிலிருந்து செங்கடல் வழியாக அலெக்சாந்திரியாவுக்கும், அங்கிருந்து ரோட்ஸ் தீவுக்கும் அக்கயிற்றையே வளைத்துப் பொருத்தச் செய்க. கயிற்றின் ஒரு தலை தன் ஊரை ஒட்டியிருப்பதைச் சிறுவன் காண்பான்.

கற்பித்தல் என்னும் பணியை மேற்கொள்ளப்போகும் நண்பர்களே! அயல்நாட்டுச் சரித்திரத்தை மனப்பாடம் செய்விப்பது எளிது. அது தேர்வோடு தீரும். நம் பாறையையும் ஆற்றையும் சாலையையும் அளவுகோலாகத் தந்து அதனை அளக்கச் செய்வது சிறிது கடினம். அது வாழ்நாள் முழுதும் நிற்கும். நாம் பணியேற்கும் பள்ளிகளில் ஆண்டிற்கு ஒரு வகுப்பையேனும் இவ்வழி அழைத்துச் செல்வோமாக.